மாலி வீட்டு விருந்தாளி

தென்காசி
ஜூலை 12, சனிக்கிழமை காலை

அன்புள்ள மொழிக்கு,

பேச்சிராஜ் எழுதுவது. இங்கே நானும் அபர்ணாவும் அக்காவும் நன்றாக இருக்கிறோம். நீ நன்றாக இருக்கிறாய் என்று நோரீன் அம்மா அயர்லாந்திலிருந்து நேரில் வந்தே சொல்லிவிட்டதால் அதைத் தனியாகக் கேட்கவில்லை. இந்தக் கடிதத்தையும் அவர் கையில்தான் கொடுத்தனுப்புகிறேன். பத்து மணிக்கு ஃபாதர் ஜோபி காரோடு வந்து அவரைப் புனலூருக்கு அழைத்துப் போகிறார். அதற்குள் எழுதி முடிக்க வேண்டும். கையெழுத்து கோணினால் பொறுத்துக்கொள்.

கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. கடையில் நான் எழுதுவதெல்லாம் கண்ணீர் அஞ்சலியும் காதணி விழாவும்தான். பிளக்ஸ் அடிக்க வருகிறவர்கள் நாலு வரிக்கு மேல் கேட்பதில்லை. போனில் பேசினால் ஆகாதா என்று நினைப்பாய். மூன்று வாரமாக நாம் போனில் பேசுகிற லட்சணம் உனக்கே தெரியும். "சாப்பிட்டாச்சா", "ஆச்சு", "அபர்ணாட்ட குடு". அவ்வளவுதான். பேப்பரில் ஒரு வசதி இருக்கிறது. நடுவில் கோபம் வந்தால் அடித்துவிட்டு மேலே எழுதலாம். இந்தப் பக்கத்திலேயே இரண்டு இடத்தில் அடித்திருப்பதைப் பார்த்திருப்பாய்.

இந்த வருஷம் சீசன் நன்றாக இருக்கிறது. பத்து நாளாக விடாமல் சாரல். ஐந்தருவியில் ஐந்திலும் தண்ணீர் விழுகிறது. அபர்ணா ஒன்பதாம் வகுப்பில் முதல் பரீட்சை எழுதிவிட்டாள். கணக்கில் மட்டும் என்னை மாதிரி, மற்றதில் உன்னை மாதிரி. பின்பக்கத்து முருங்கை காற்றில் சாய்ந்துவிட்டது. தெரு முழுக்க இரண்டு நாள் முருங்கைக்கீரைதான்.

இனி நம் விருந்தாளியைப் பற்றி.

உன் செய்தி புதன்கிழமை வந்தது. "நோரீன்னு ஒருத்தங்க நாளைக்கு வருவாங்க. ரெண்டு நாள் தங்குவாங்க. நல்லா பாத்துக்கோங்க." பெண்டாட்டி புருஷனுக்கு எழுதுவது மாதிரியா இருந்தது? லாட்ஜுக்கு எழுதுவது மாதிரி இருந்தது. அக்காவிடம் காட்டினேன். "யாருலே அது, மொழிய வேதக்கோயிலுக்குக் கூட்டிட்டுப் போறவளா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "அங்கன அவள வேதத்துல சேத்து முடிச்சாச்சு போல. இப்ப நம்மளச் சேக்க ஆளு வருது" என்றாள். அக்கா பேச்சுதான் உனக்குத் தெரியுமே.

எனக்கும் கோபம் ஆறவில்லை என்பதை மறைக்கப் போவதில்லை. சீசனுக்கு வருகிறேன் என்று நாள் குறித்துவிட்டு, ஜூன் மாதத்தில் கூப்பிட்டு டிசம்பர் என்று மாற்றினாய். அங்கே சர்ச் ஹாலில் சனிக்கிழமைச் சமையலுக்கு ஆள் இல்லை, தனியாக இருக்கும் வயசாளிகள் நாற்பத்திரண்டு பேருக்குச் சாப்பாடு போக வேண்டும் என்றாய். நானும் சும்மா இருக்கவில்லை. "நாப்பத்திரண்டு பேருக்கு நீ ஆக்கிப் போடு. நாங்க ரெண்டு பேரு இங்கன ஓட்டல்ல தின்னுக்கிடுதோம்" என்று கத்தினேன். நீ போனை வைத்துவிட்டாய்.

இருந்தாலும் வீடு தேடி வருகிறவரை முகம் சுளித்து வரவேற்க முடியுமா? உன் வாட்ஸ்அப் படத்திலிருந்து அந்த அம்மாவின் முகத்தை மட்டும் வெட்டி எடுத்து, ஆறுக்கு நாலு அளவில் ஒரு பிளக்ஸ் அடித்து வாசலில் கட்டினேன். "வருக வருக, அயர்லாந்து தந்த அன்னையே" என்று போட்டேன். அவசரத்தில் பூ பார்டர் வைத்த பழைய டிசைனை எடுத்துவிட்டேன். வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கே எதிர்வீட்டு ரஹ்மத்துன்னிசா அக்கா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வந்து, மெதுவான குரலில், "தம்பி, யாரு தவறிப் போயிட்டாங்க?" என்று கேட்டார். அதற்குள் இரண்டு பேர் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்களாம். "வருக" என்ற எழுத்தை இன்னும் பெரிதாக ஒட்டிய பிறகுதான் தெரு அடங்கியது.

பதினோரு மணிக்கு ஃபாதர் ஜோபி போன் செய்தார். "சேட்டா, புளியறை செக்போஸ்ட்டில லாரி வரிசையாயிட்டு நிக்குது. ஞங்ஙள் பின்னாலயாக்கும். ஊணு ரெடியாக்கிக்கோ" என்றார். அவருடைய தமிழ் பாதி மலையாளம். அவர் குருப்பட்டம் பெற்று இருபத்தைந்து வருஷம் ஆனதைக் கொண்டாட, அங்கே அவர் பூசை வைக்கும் உங்கள் கோயிலின் ஆட்கள் பதினோரு பேர் அவருடைய புனலூர் வீட்டுக்கு வந்திருக்கும் விவரமெல்லாம் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். மற்ற பத்துப் பேரும் படகு பார்க்கப் போக, இந்த அம்மா மட்டும் "எனக்குப் படகு வேண்டாம், மாலி வீடு பார்க்க வேண்டும்" என்று பிடிவாதமாக இந்தப் பக்கம் வந்திருக்கிறார்.

காரை விட்டு இறங்கியதும் பிளக்ஸைப் பார்த்தார், சிரித்தார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு "மாலி, மாலி" என்று என்னவோ சொன்னார். எனக்கு ஒன்றும் ஓடவில்லை. மாலி என்பது யார், தோட்டக்காரனா என்று யோசித்துக்கொண்டு நின்றேன். அபர்ணாதான், "அப்பா, அம்மாவத்தான் அங்கன எல்லாரும் மாலின்னு கூப்புடுதாங்களாம். குழல்வாய்மொழி அவங்க வாயில வரலையாம்" என்றாள். ஆனால் அபர்ணாவும் முதல் அரை மணி நேரம் திணறிப் போனாள். "இது எங்க மிஸ் பேசுத இங்கிலீஷ் இல்லப்பா, வேற என்னமோ இங்கிலீஷ்" என்று என் காதில் சொன்னாள். சாயங்காலத்துக்குள் பழகிவிட்டது. இப்போது அவளே அந்த மாதிரி இழுத்துப் பேசுகிறாள்.

நோரீன் அம்மாவுக்கு எழுபத்தொரு வயது என்றால் நம்ப முடியவில்லை. முப்பது வருஷம் தபால் வேன் ஓட்டியவர், எந்த வீட்டில் யார் தனியாக இருக்கிறார்கள் என்று தெரிந்ததால்தான் சாப்பாடு கொடுக்கும் வேலையே தொடங்கினாராம். உன் நாற்பத்திரண்டு பேரில் ஒருவர் பின்னிக் கொடுத்த கம்பளித் தொப்பி ஒன்று அபர்ணாவுக்கு வந்தது. அதை அக்கா வாங்கித் தலையில் மாட்டினாள். சாரலுக்கு நன்றாக இருக்கிறது என்று இன்னும் கழற்றவில்லை.

வியாழக்கிழமை ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பார்டர் பரோட்டாக் கடைக்குக் கூட்டிப் போனோம். பரோட்டாவும் நாட்டுக்கோழியும். கண்ணில் தண்ணீர் வடிய வடிய, நிறுத்தாமல் சாப்பிட்டார். அங்கேதான் அந்தப் பேச்சு வந்தது. பதினாலு வருஷத்தில் இதுவரை ஒரு சனிக்கிழமைகூட அவர் விட்டதில்லையாம். இந்தப் பயணத்துக்கும் வரமாட்டேன் என்றுதான் சொன்னாராம். "மாலிதான் என்னைத் தள்ளிவிட்டாள். நான் பார்த்துக்கொள்கிறேன், எனக்கு ஜூலையில் வேறு வேலையே இல்லை என்றாள்" என்றார். அபர்ணா இதைத் தமிழில் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். அக்கா கை கழுவப் போகிற சாக்கில் என்னைத் தனியே இழுத்து, "சொல்லிரு. இவ ஊரு சுத்தத்தான் நம்ம வீட்டுப் பிள்ள ஊருக்கு வரலைன்னு மனுசிக்குத் தெரியட்டும்" என்றாள். சொல்லிவிடத்தான் நானும் நினைத்தேன். விருந்தாளி முதல் நாள் சாப்பிடும்போது வேண்டாம், நாளைக்குச் சொல்லலாம் என்று வைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை குற்றாலம். ஐந்தருவியில் பெண்கள் பக்கம் அக்காவும் அபர்ணாவும் அவரைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அக்காவின் நைட்டி அவருக்கு முழங்காலுக்குச் சற்றுக் கீழேதான் வந்தது. தண்ணீரின் வேகத்துக்கு முதலில் பயந்து பின்வாங்கினாராம். அக்கா அவர் கையைப் பிடித்து, "வாட்டி, ஒண்ணும் பண்ணாது" என்று தமிழிலேயே அதட்டி உள்ளே இழுத்துக்கொண்டாளாம். பிறகு இரண்டு பேரையும் வெளியே கொண்டுவருவது பெரிய பாடாகிவிட்டது என்று அபர்ணா சொன்னாள். நனைந்த தலையோடு மங்குஸ்தான் தின்றுகொண்டு இரண்டு பேரும் வருகிறார்கள், ஒருவர் பேசுவது மற்றவருக்குப் புரியாது, ஆனாலும் பேச்சு நிற்கவில்லை.

பிறகு குற்றாலநாதர் கோயிலுக்குப் போனோம். அம்மன் பெயர்தான் உன் பெயர் என்று அபர்ணா சொன்னதும் நோரீன் அம்மா நின்றுவிட்டார். "மாலி பெயரில் ஒரு கோயிலே இருக்கிறது, அவள் எனக்குச் சொல்லவே இல்லையே!" என்றார். அம்மன் சந்நிதியில் கைகூப்பி வெகுநேரம் நின்றார். அக்கா தன் கையாலேயே அவர் நெற்றியில் திருநீறு பூசினாள். மதம் மாற்ற வந்தவர் என்று சொன்னது இவள்தான், மறந்துவிடாதே. அவர் கொஞ்சமும் தயங்கவில்லை. "எங்களுக்கும் வருஷத்தில் ஒரு புதன்கிழமை சாமியார் நெற்றியில் சாம்பல் பூசுவார். அன்றைக்குச் சின்ன வயதில் நான் முகமே கழுவமாட்டேன்" என்றார். அக்காவுக்கு அதைக் கேட்டதும் ஒரே ஆச்சரியம். "ஏலே, இவங்களும் நம்மளப் போலத்தான்" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள்.

மொழி, இதுவரை எழுதியது எளிதாக இருந்தது. இனிமேல்தான் எழுத வேண்டியது இருக்கிறது.

நேற்று நாலு மணி இருக்கும். வெளியே மழை. காப்பி குடித்துக்கொண்டு எல்லோரும் முன் அறையில் உட்கார்ந்திருந்தோம். நோரீன் அம்மா போனில் உங்கள் சமையல் கூட்டத்தின் படங்களை அபர்ணாவுக்குக் காட்டிக்கொண்டிருந்தார். நீ உருளைக்கிழங்கு உரிக்கிறாய், வேனில் டப்பா அடுக்குகிறாய், ஒரு கிழவரோடு சிரிக்கிறாய். அபர்ணா தள்ளிக்கொண்டே போனவள் ஒரு படத்தில் நின்றாள். "அப்பா, அம்மா கையில என்னப்பா?" என்றாள்.

வாங்கிப் பார்த்தேன். நீ கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாய். ஜன்னலுக்கு வெளியே வெள்ளையாக உறைபனி. உன் வலது கை முழங்கை வரைக்கும் மாவுக்கட்டு. கண் உள்ளே போயிருக்கிறது. சிரிக்கப் பார்த்திருக்கிறாய், வரவில்லை.

எங்களுக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டுதான் அந்த அம்மா பேசினார். இரண்டு வருஷத்துக்கு முன் தை மாதம். வேலைக்குப் போகும்போது கார் நிறுத்தும் இடத்தில் உறைபனியில் வழுக்கி விழுந்தாய், மணிக்கட்டு முறிந்தது, ஆறு வாரம் கட்டு. உன்னோடு வேலை பார்க்கும் ஒரு பெண் கோயிலில் போய், இந்தியாவிலிருந்து வந்த பெண் ஒருத்தி தனியாகக் கிடக்கிறாள் என்று பெயர் கொடுத்திருக்கிறாள். அதாவது சாப்பாடு கொடுக்கிறவர்களில் ஒருத்தியாக நீ அந்தக் கூட்டத்துக்குப் போகவில்லை. சாப்பாடு வேண்டியவர்கள் பட்டியலில் இருந்தாய். முதல் நாள் கதவைத் திறந்து, நான் உங்கள் மதம் இல்லை, வேண்டாம் என்றாயாமே. அதற்கு இவர், "இந்தச் சூப்புக்கும் இன்னும் ஞானஸ்நானம் ஆகலை, குடி" என்றாராம். இடது கையால் கரண்டி பிடிக்க வராமல் நீ சிந்தியதும் பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டினாராம். சனிக்கிழமை மட்டுமல்ல, ஒருநாள் விட்டு ஒருநாள் வந்தாராம். கட்டுப் பிரித்த வாரமே நீ ஹாலுக்குப் போய், கத்தியை வாங்கி உருளைக்கிழங்கு உரிக்க நின்றாயாம். அன்றிலிருந்து, லீவில் ஊருக்கு வந்ததைத் தவிர, ஒரு சனிக்கிழமைகூட விட்டதில்லையாம்.

அபர்ணா ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். நான் தேதியைக் கூட்டிப் பார்த்தேன். தை மாதம். நாம் இந்த வீட்டுக்குப் பால் காய்ச்சிய மாதம்.

அடுப்புக்கு முன்னால் ஸ்டாண்டு வைத்து, அதில் போனை மாட்டி, நீ பார்ப்பதற்காக நான் எல்லாம் சரிசெய்து வைத்திருந்தேன். நீ வந்தாய், குரல் மட்டும் வந்தது. நெட் சரியில்லை, கேமரா வேலை செய்யவில்லை என்றாய். உன் உழைப்பில் கட்டிய வீடு. அடுப்பை அக்கா பற்றவைத்தாள். "காசு அனுப்புனா ஆச்சா, முகத்தக் காட்டக்கூடவா நேரமில்ல?" என்று எல்லோர் முன்னாலும் அவள் பேசினாள். சாயங்காலம் நான் கூப்பிட்டு, உன் வீட்டுக்கு நீயே விருந்தாளி மாதிரி எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டாய் என்றேன். அதைவிட மோசமாகவும் ஒன்று சொன்னேன். அதை இங்கே எழுத என் கை வரவில்லை. நீ எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "பால் நல்லா பொங்குச்சா?" என்று மட்டும் கேட்டாய்.

போன வருஷம் லீவில் வந்தபோது குடத்தை இடது கையால் தூக்கினாய். குளிர் ஊரில் இருந்து சோம்பேறியாகிவிட்டாய் என்று கேலி செய்தேன். அப்போதும் சிரித்தாயே தவிரச் சொல்லவில்லை.

மழையில் கொடியில் துணி கிடக்கிறது என்று சொல்லிவிட்டு நான் பின்பக்கம் போய்விட்டேன். கொடியில் ஒரு துணியும் இல்லை. நான் முன் அறைக்குத் திரும்பி வருவதற்குள் நோரீன் அம்மாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டோமோ என்று முகம் சிவந்து உட்கார்ந்திருந்தார். அக்கா எழுந்து சமையலறைக்குப் போனாள். மத்தியானத்துச் சோற்றில் கெட்டித் தயிர் ஊற்றிப் பிசைந்து, கிண்ணத்தோடு வந்து அந்த அம்மாவின் முன்னால் நின்றாள். "எங்க பிள்ளைக்கு ஊட்டுனவளுக்கு நான் ஒரு வாய் ஊட்டணும், வாயத் திறக்கச் சொல்லுட்டி" என்றாள். அபர்ணாவால் அதை மொழிபெயர்க்க முடியவில்லை, அழுதுவிட்டாள். மொழிபெயர்க்க வேண்டியும் இருக்கவில்லை. எழுபத்தொரு வயது மனுஷி சின்னப்பிள்ளை மாதிரி வாயைத் திறந்தார். அக்கா கிண்ணம் காலியாகும் வரைக்கும் ஊட்டினாள். நடுவில் ஊறுகாய் வேறு.

கொஞ்ச நேரம் கழித்து, எல்லோரும் கண்ணைத் துடைத்துச் சிரித்த பிறகு, நோரீன் அம்மா என்னிடம் நேராகக் கேட்டார். "மாலி எப்போது வருகிறாள்? நீங்கள் அவளைத் தேடுவீர்களே?" அக்கா என்னைப் பார்த்தாள். அபர்ணாவும் பார்த்தாள். முதல் நாள் நான் சேர்த்து வைத்திருந்த பேச்சு அத்தனைக்கும் அதுதான் சரியான இடம். நான் சொன்னேன்: "டிசம்பர்லதான் வருவா. அவளுக்கு எப்பவுமே மார்கழிக் குளிர்ல ஊருக்கு வரத்தான் பிடிக்கும். ஜூலையில வரச் சொன்னாலும் வரமாட்டா." அபர்ணா ஒரு நிமிஷம் என்னையே பார்த்துவிட்டு, கண் சிமிட்டாமல் அந்தப் பொய்யை இங்கிலீஷில் சொன்னாள். அந்த அம்மாவுக்கு நிம்மதி. "அப்படியா, நல்லவேளை" என்றார். ஆகையால் நீயும் அங்கே உளறிவிடாதே. இனி நம் மூன்று பேருக்கும், அக்காவோடு நாலு பேருக்கும், உனக்கு மார்கழிதான் பிடிக்கும்.

இன்று சனிக்கிழமை. இதை எழுதும்போது அங்கே விடிந்திருக்காது. இன்னும் கொஞ்ச நேரத்தில் நீ எழுந்து ஹாலுக்குப் போவாய். அவர் இல்லாத சனிக்கிழமை, வேனையும் நீதான் ஓட்ட வேண்டும் என்றார். நிதானமாக ஓட்டு. சாப்பாடு ஒரு கால் மணி நேரம் ஆறிப்போனாலும் பரவாயில்லை.

அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டாள், தொப்பியோடு. அவள் சொல்வதை அப்படியே எழுதுகிறேன். "ஏட்டி மொழி, நான் அன்னைக்கு அடுப்பு முன்னால பேசுனத மனசுல வச்சுக்கிடாத. எனக்கு வாயி மட்டுந்தான் அப்படி. நீ டிசம்பர்ல வந்து உன் கையால இன்னொரு தடவ பால் காய்ச்சு. ரெண்டு தடவ காய்ச்சக் கூடாதுன்னு எந்தச் சாஸ்திரத்துலயும் இல்ல. இருந்தா நான் பேசிக்கிடுதேன்."

நோரீன் அம்மாவிடம் கொடுத்தனுப்புவது: இரண்டு கிலோ இட்லி அரிசி மாவு வேண்டாம் என்றார், பெட்டி கனமாம். அதனால் மிளகாய்ப்பொடியும் சுக்கும் மட்டும். பிளக்ஸையும் மடித்துத் தன் பெட்டியில் வைத்துக்கொண்டார். உங்கள் ஹாலில் மாட்டப் போகிறாராம். பூ பார்டரைப் பற்றி அவரிடம் எதுவும் சொல்லிவிடாதே.

வாசலில் கார் சத்தம் கேட்கிறது. ஃபாதர் ஜோபி "சேட்டா" என்கிறார்.

மொழி, ஒன்றே ஒன்று கேட்கிறேன். எங்களுக்குக் கவலை வேண்டாம் என்று நீ மறைத்தாய், அது எனக்குப் புரிகிறது. ஆனால் உனக்கு அங்கே ஒரு தலைவலி வந்தாலும் எனக்குத் தெரிய வேண்டும். என்னால் உடனே வந்து கஞ்சி வைத்துத் தர முடியாது. ஊட்டிவிட அங்கே நல்ல மனுஷர்கள் இருக்கிறார்கள், அதற்காக உங்கள் மாதாவுக்கும் நம் அம்மனுக்கும் கும்பிடு. இருந்தாலும் தெரிய வேண்டும். நான் கத்துவேன் என்று பயந்து சொல்லாமல் இருந்துவிடாதே. கத்தமாட்டேன். கத்தினாலும் கொஞ்ச நேரம்தான்.

பத்திரமாக இரு. அந்தக் கையைப் பார்த்துக்கொள்.

உன்
பேச்சிராஜ்